நீர் தரும் மலையும் நிதி தரும் அரசும்

ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கை சட்டமன்றத்தில் படிக்கப்பெறும் நாளில் நாம் ஒவ்வொருவரும் தேடுவது ஒன்று உண்டு. ஆசிரியர் அகவிலைப்படியைத் தேடுவர். மாணவர் உதவித்தொகையைத் தேடுவர். வணிகப் பெருமக்கள் வரியைத் தேடுவர். சுற்றுச்சூழல் என்னும் தலைப்பின்கீழ் எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்று தேடுவார் மிகச் சிலரே. அச்சிலரும் தொகையைக் கண்டவுடன் மகிழ்ந்தோ முகஞ்சுளித்தோ செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகின்றனர். அத்தொகை எந்த ஊருக்கு, எவர் கைக்கு, எந்தத் திங்களில் போய்ச் சேர்ந்தது என்று கேட்பார் இலர். அக்கேள்வியைக் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையை முன்னிறுத்திக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மாவட்டங்களில் பரந்து கிடப்பது. வடபாலைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பாலைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு, கரியாலூர் முதலிய மலையூர்களில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா, மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள் என்பர்.) சாமையும் தினையும் மரவள்ளியும் இவர்தம் வேளாண்மை, கடுக்காயும் தேனும் புளியும் காடு இவர்க்குத் தரும் ஊதியம்.

இம்மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம், பரிகம், மாயம்பாடி ஆகிய ஓடைகளாக இறங்கிக் கச்சிராயபாளையத்தருகே கோமுகி அணையை நிரப்புகின்றது. அணையின் உயரம் 46 அடி. கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இந்நீரால் விளைகிறது. கச்சிராயபாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பிழியும் சாற்றில் கல்வராயன் மழைக்கும் ஒரு பங்கு உண்டு. அதன்பின் கோமுகி மணிமுத்தாற்றோடு கூடி, விருத்தாசலம் கடந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலையடைகிறது. மஹ்மூதுபந்தர் என்று நம் முன்னோர் வழங்கிய துறைமுகம் அது. அதன் தென்புறத்தில்தான் பிச்சாவரத்து அலையாத்திக் காடு விரிந்துள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையின் வேகத்தை அக்காடு தணித்ததை நாடறியும். மலையுச்சியிலிருந்து கழிமுகம் வரை நீரின் வழி ஒன்றே.

ஆனால் அரசின் ஏடுகளோ பல. காடு, வனங்கள் என்னும் மானியக் கோரிக்கையில் அடங்கும். அணை, நீர்வளத் துறையின் கோரிக்கையில் அடங்கும். மலைவாழ் மக்கள், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையில் அடங்குவர். ஊர்ச்சாலையும் ஊராட்சியும் ஊரக வளர்ச்சித் துறைக்கு உரியவை. காலநிலை மாற்றம் மற்றொரு தலைப்பு. மேலே சரிவு அரித்து மண் இறங்கினால் வனத்துறையின் செலவுக் கணக்கில் அது தோன்றாது. அம்மண் அணையின் அடியில் படிந்து, கொள்ளளவு குறைந்து, தூர்வார வேண்டிய நாள் வரும்போது வேறொரு துறை வேறொரு தலைப்பில் பணம் கேட்கும். சரிவில் கல்வரப்புக் கட்டவும் ஓடைக்குத் தடுப்பணை போடவும் ஆகும் தொகை எவ்வளவு, கீழே தூர்வார ஆகும் தொகை எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் கடமை எத்துறைக்கும் இல்லை. வள்ளுவப் பெருந்தகை அரசுக்குரிய பொருட் கடமைகளை நான்காகக் கூறி, வகுத்தலை இறுதியில் வைத்தார். ஈட்டுவதும் காப்பதும் நன்கு நடைபெற்றும் வகுத்தலில் பிழைநேர்ந்தால் முன் மூன்றும் பயனற்றுப் போகும் என்பதற்குக் கல்வராயனே சான்று.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்திய நிதிநிலை அறிக்கையில் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு 500 கோடி ரூபாயும், ஈரநில இயக்கத்துக்கு ஐந்தாண்டுகளில் 150 கோடி ரூபாயும் அறிவிக்கப்பட்டன. 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. காடும் மரமும் சேர்ந்த பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் குறிக்கோள். நல்ல குறிக்கோளே. எனினும் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தமிழகத்தின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். கூட்டவேண்டிய பங்கு ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். அதாவது பதினொரு கல்வராயன் மலைகள்! பத்தாண்டில் பதினொரு மலையளவுக்கு மரம் வளர்க்க முனையும் நாடு, கையிலுள்ள ஒரு மலையை எவ்வாறு நடத்துகிறது என்பதன்றோ முதல் வினா?

மரக்கணக்கு எடுக்கப்படும் முறையும் எண்ணத்தக்கது. இந்திய வன அளவை நிறுவனம் துணைக்கோள் படங்களைக் கொண்டு அளக்கிறது. ஓர் எக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாத மர விதானம் தென்பட்டால் அது காட்டுப் பரப்பு. தைலமரத் தோப்பும் முந்திரித் தோப்பும் பல நூற்றாண்டுப் பழங்காடும் அக்கணக்கில் ஒரு நிரை. 2021ஆம் ஆண்டறிக்கை தமிழகக் காட்டுப் பரப்பை 26,419 சதுர கிலோமீட்டர் என்கிறது; மாநிலப் பரப்பில் 20.31 விழுக்காடு. அதில் மழையை உறிஞ்சி ஓடைக்கு விடும் காடு எவ்வளவு, வெறும் நிழல் தரும் தோப்பு எவ்வளவு என்று அவ்வெண்ணைக் கொண்டு சொல்ல இயலாது. நிதி எண்ணைத் தொடர்ந்து செல்கிறது. ஆகவே கன்று நடுவதற்குப் பணம் எளிதில் கிடைக்கிறது. நட்ட கன்றுக்கு முதலிரண்டு கோடையில் தண்ணீர் ஊற்றவும் வேலி காக்கவும் ஆள் வைப்பதற்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. நம் நாட்டில் கன்றுக்குரிய பருவம் வடகிழக்குப் பருவமழை; கணக்குக்குரிய பருவமோ மார்ச் 31. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. பங்குனி வெயிலில் அவசரமாகச் செலவெழுதப்பட்ட குழிகளை நம்மில் பலர் சாலையோரங்களில் கண்டிருப்போம்.

1997இல் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடுவளர்ப்புத் திட்டம் இவ்வகையில் ஒரு படி முன்னே சென்றது. கிராம வனக் குழுக்களை அமைத்து, காட்டோரத்து மக்களைக் காவலில் பங்காளிகளாக்க முயன்றது. பின் ஒரு கட்டமாகவும் நீண்டது. ஆயினும் திட்டப்பணம் நின்ற ஊர்களில் குழுவும் ஓய்ந்தது. குழுவின் பலகை மட்டும் சுவரில் தொங்கியது. கடன்பணத்தில் நடப்பது திட்டம். ஆண்டுதோறும் தன் வருவாயிலிருந்து எடுத்து வைப்பதே கடமை. இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

இனி மலைமக்களின் நிலையைக் காண்போம். கல்வராயன் நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசு அதனைத் தன்வயம் ஏற்றது. அதற்குப் பின்னும் இருபதாண்டு சென்று, 1996இல்தான் வாக்குரிமை கிடைத்தது என்று உயர் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நீலகிரிக்கும் 1970களின் நடுப்பகுதியிலிருந்தே மைய அரசின் தனித்திட்டங்கள் இருந்தன; கிழக்குத் தொடர்ச்சி மலை அவற்றின் எல்லைக்குள் வரவில்லை. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழகத்தில் எதுவும் அறிவிக்கப்படாமையால், பழங்குடிக் கிராமசபைகளுக்குப் பிற மாநிலங்களில் உள்ள தனியதிகாரமும் இவர்க்கு இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஓர் ஒளிக்கீற்றாக வந்தது. 2008இல் நீதிமன்ற இடைக்கால ஆணையொன்றால் இங்கே பட்டா வழங்கல் தடைப்பட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கும் வரை எட்டாண்டுகள் கழிந்தன.

காட்டின்மேல் உரிமையில்லாத, காட்டால் கூலியும் கிடைக்காத இளைஞன் எங்கே செல்வான்? கோவைக்கும் திருப்பூருக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் செல்வான், அது நன்று. சிலர் தரகர் சொல்கேட்டு ஆந்திரத்துச் செம்மரக் காட்டுக்குக் கோடரியோடு சென்றனர். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் மிதந்த ஐந்து பிணங்கள், சேலம் மாவட்டக் கருமந்துறைப் பக்கத்து மலையூர்களைச் சேர்ந்தவர்களுடையவை. வேறு சிலர் ஓடைக்கரையில் சாராய ஊறல் போட்டனர். ஊறலைக் காவலர் அழிப்பதும் மீண்டும் போடுவதும் ஆண்டுக்கணக்கில் நடந்துவரும் செய்தி.

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அது மலையில் வடித்ததன்று, ஆலைகளுக்குரிய மெத்தனால் கலந்தது. ஆயினும் அப்பேரிடரின் பின்னரே நாட்டின் பார்வை மலைமேல் திரும்பியது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்க்கைத் தரம் குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலை, மருத்துவம், குடும்ப அட்டை, பள்ளி என்று ஒவ்வொன்றாக வினவியது. நிதிநிலை அறிக்கை கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நீதிமன்றம் கேட்க நேர்ந்தது. மதுவிலிருந்து அரசு பெற்ற வருவாய் 2023-24இல் மட்டும் 45,855 கோடி ரூபாய். காலநிலை இயக்கத்துக்கென்று அறிவித்த மொத்தத் தொகை 500 கோடி. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைப்பதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர் நன்கறிந்த ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் முதலிய ஊர்களின் தோல் தொழில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பியிருந்தது. மலைக்காட்டில் பொறுக்கிய காய் நம் தோல் மண்டிகளில் விலைபோயிற்று. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலை ஊக்கியபின் குரோமிய முறை பரவியது. காயின் தேவை குறைந்தது. பாலாற்றின் துயர் மிகுந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற நெறியை இந்நாட்டின் சட்டமாக்கியது. தீர்ப்பு நம்மவர் பலருக்குக் கசப்பாயிருந்தது உண்மை. ஆனால் நெறி சரியானதே என்பதை இன்று மறுப்பார் யார்?

கெடுத்தவர் கொடுக்கவேண்டும் என்பதற்கு நீதி கிடைத்துவிட்டது. காத்தவர் பெறவேண்டும் என்பதற்கு நீதி எங்கே? ஈடுசெய் காடுவளர்ப்பு நிதியைப் பாருங்கள். சுரங்கத்துக்கும் அணைக்கும் சாலைக்கும் காட்டை எடுத்துக்கொள்பவர் செலுத்தும் பணம் அது. 2016இல் சட்டமாகி, 2019 ஆகஸ்டில் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் பகிரப்பட்டது. சுரங்கம் மிகுந்த ஒடிசாவுக்கு 5,900 கோடிக்கு மேல். காட்டை மிகுதியாக இழந்த மாநிலம் மிகுதியாகப் பெறும். இழக்காத மலைக்கு இந்நிதியில் இடமே இல்லை.

காத்தவருக்குக் கொடுக்கும் நெறி புதியதன்று. நடுவண் நிதிக்குழு அதனை முன்பே ஏற்றுக்கொண்டது. 2015 முதல் 2020 வரை நடைமுறையிலிருந்த பதினான்காம் நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரி பகிர்கையில் காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு எடையளித்தது. அடுத்து வந்த பதினைந்தாம் நிதிக்குழு அதனை 10 விழுக்காடாக்கியது. காடு வைத்திருக்கும் மாநிலம் பிற வருவாயை இழக்கிறது. ஆகவே நாடு அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்பதே வாதம். இவ்வாதம் சென்னைக்கு எட்டும்வரை செல்கிறது. சென்னையிலிருந்து வெள்ளிமலைக்கு வருவதில்லை. மாநிலம் தன் உள்ளாட்சிகளுக்குப் பணம் பகிரும்போது பெரிதும் பார்ப்பது மக்கள்தொகையை. மலையில் மக்கள் குறைவு, ஆகவே பணமும் குறைவு. மலையின் காட்டைக் காட்டி வாங்கிய பங்கு, தலையெண்ணிப் பகிரப்படுகிறது. இதைவிடத் தெளிவாக இக்குறையைக் காட்ட நம்மால் இயலாது. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா, நம்மினும் மிகச் சிறிய நாடு, 1990களின் பிற்பகுதியிலிருந்தே எரிபொருள் வரியில் ஒரு பகுதியை ஒதுக்கிக் காடு காக்கும் நிலவுரிமையாளருக்குக் கொடுத்துவருகிறது. ஒடிசாவும் பீகாரும் 2020-21இல் காலநிலைக்கும் பசுமைக்கும் தனி நிதியறிக்கைகளை வெளியிட்டன. தனியேடு நல்லதே. ஆயினும் அவ்வேட்டில் மலையின் பெயர் இல்லையேல் அது மற்றுமோர் ஏடாகவே நிற்கும்.

ஓடும் ஆற்றங்கரையிலிருந்து உளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்னும் நபிமொழியை நம் மேடைகளில் பன்முறை கேட்டிருக்கிறோம். குறைவாகக் கேட்டது ஹிமா பற்றிய வரலாறு. ஹிமா என்பது பொதுநலத்துக்காக ஒதுக்கிக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் பொறுப்பாளருக்கு இட்ட கட்டளை புகாரி தொகுப்பில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகமும் சில ஆடும் உடைய ஏழையை உள்ளே விடவேண்டும். பெருஞ்செல்வரான நபித்தோழர்களின் மந்தையை விடலாகாது என்றார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் ஆடு மடிந்தால் அவன் பிள்ளைகளோடு தம் வாயிலில் வந்து நிற்பான். அன்று பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இன்று புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்பது அவர்கள் காட்டிய காரணம். காட்டின் காப்பையும் கருவூலத்தின் கணக்கையும் ஒரே மூச்சில் சிந்தித்த ஆட்சியாளர் அவர். மலைமக்களைக் காட்டிலிருந்து விலக்கிவைத்துவிட்டு, பின்னர் செம்மர வழக்குக்கும் சாராய வேட்டைக்கும் செலவிடும் நம் முறையை அக்கட்டளையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் அறிஞர்கள்.

ஸகாத்திலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. இவ்வளவு கொடு என்பதோடு மார்க்கம் நிற்கவில்லை. பெறுவோர் எட்டு வகையினர் இன்னார் என்று திருமறையே வரையறுத்துவிட்டது. நம் சுற்றுச்சூழல் ஒதுக்கீடுகளில் வேலையின் பெயர் உண்டு, தொகை உண்டு. பெறுவோர் பெயர் இல்லை.

மறுப்புரைகள் எழும் என்பதை நாம் அறிவோம். மலைமக்களே காட்டைத் திருத்தி மரவள்ளி நடுகிறார்கள், அவர்க்கு ஏன் பணம் என்பார் உளர். முற்றும் பொய்யன்று. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவின் மண் இளகி அடுத்த மழையில் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் மரவள்ளியை விலைக்கு வாங்க சேலம், சின்னசேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. சாமையை விளைத்துச் சரிவில் கல்வரப்பைக் காத்தால் வாங்குவார் எவர்? காப்பதற்கு விலை வைத்தாலன்றிக் காப்பு நிகழாது. ஊராட்சியிடம் பணம் கொடுத்தால் கரைந்துவிடும் என்பார் வேறு சிலர். கரையாத துறை எது என்று அவர்கள் முதலில் காட்டட்டும்! வக்ஃபுச் சொத்தில் முதல் கைபடாமல் விளைவை மட்டும் செலவிட வேண்டும் என்பதையும், முத்தவல்லி கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் அறிந்த நமக்கு, கணக்குக் கேட்பது கொடுக்காமைக்குக் காரணமாகாது என்பது தெரியும். மாநிலக் கருவூலம் கடன்பட்டிருக்கிறது என்பது மூன்றாவது மறுப்பு. உண்மை. ஆகவேதான் புதுப்பணம் கேட்பதைவிட, காட்டைக் காட்டிப் பெறும் பங்கில் ஒரு கூறு மலையூர்களுக்குத் திரும்பட்டும் என்கிறோம்.

அதனைக் கள்ளக்குறிச்சியிலேயே தொடங்கலாம். 2019 நவம்பர் 26 முதல் அது தனி மாவட்டம். மலைக்கெனத் தனி வட்டமும் உண்டு. அணையும் ஓடைகளும் ஒரே மாவட்ட ஆட்சியரின் பார்வையில் உள்ளன. கோமுகி, மணிமுத்தாறு நீர்ப்பிடிப்புக்கென்று ஒரு கணக்குத் தலைப்பு திறக்கப்பட வேண்டும். வனம், நீர்வளம், பழங்குடியினர் நலம் ஆகிய மூன்று துறைகளும் அதில் தம் பங்கை எழுதட்டும். நட்ட கன்றுக்கு அன்றி, மூன்றாம் ஆண்டு உயிரோடு நிற்கும் மரத்துக்குப் பணம் கொடுக்கட்டும். ஓடைக்கரைக் காட்டைக் காக்கும் கிராமசபைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை என்று நிர்ணயித்து, அதற்கு ஈடாக அணையில் படியும் வண்டலை அளந்து வெளியிடட்டும்.

இவ்வளந்தறியும் பணியில் நம் கல்லூரிகளுக்கும் இடமுண்டு. தாவரவியலார் மரத்தை எண்ணலாம். வணிகவியலார் கணக்கைப் படிக்கலாம். தமிழ்த் துறையார், துறைமொழியில் புதைந்து கிடக்கும் அரசாணையை மலையூர் மூதாட்டிக்குப் புரியும் தமிழில் எழுதித் தரலாம். அக்டோபர் 2 அன்று ஊர்தோறும் கிராமசபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சில நாள் முன்பு அது அமைவது நல்வாய்ப்பு. தம் மலையின் பெயரால் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்னும் கணக்கு அன்று வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் இன்னாட்டிலும் உரக்கப் படிக்கப்படட்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை; மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.